சின்னப் பணியாரம்

டெல்பினுக்கு ஒரு நல்ல சேதி கிடைத்துவிட்டால் அதை அடைகாக்கத் தெரியாது. சூடு ஆறுவதற்குள் நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும். கொழுந்தன் பிராங்ளின் பணியார வியாபாரம் தொடங்கிவிட்டான் என்ற சேதியை அவள் ஜனக்புரித் தமிழர் வீடுகளில் பாதிக்கு மேல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அதில் ஒரே ஒரு சங்கடம், பிராங்ளின் அப்படி எந்த வியாபாரமும் தொடங்கவில்லை.

அவளையும் குற்றம் சொல்வதற்கில்லை. காதால் கேட்டதைத்தான் சொன்னாள். பிராங்ளின் கோடை முடிந்த கையோடு சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வேலை தேடி டெல்லிக்கு வந்தவன். அண்ணன் ஜெபராஜ் மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அண்ணி டெல்பின் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், பச்சைப் பிள்ளைகள் வார்டில் நர்ஸ். அவள் கல்யாணமாகி வந்தபோது பிராங்ளின் அரைக்கால் சட்டையோடு பலகாரத் தட்டுக்குப் பின்னால் அலைந்தவன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று மாமியார் தங்கபுஷ்பம் அவனை அவள் கையில் ஒப்படைத்தபோது, “எம் பொறுப்பு அத்த, நீங்க நிம்மதியா இருங்க” என்று டெல்பின் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மார்க்கெட்டில் மீன் தொட்டி விற்கும் கடை ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. கடைக்காரர் குக்ரேஜா, அவன் சேர்ந்த மாதமே கையில் ஒரு செல்போனைக் கொடுத்துவிட்டார். மீன் தொட்டி கழுவுகிறவனுக்கு எதற்குச் செல்போன் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பையன் முன்னேறுகிறான் என்று அண்ணனுக்கும் அண்ணிக்கும் பெருமையாக இருந்தது.

அந்தப் போனில்தான் பணியாரம் வந்தது. சாயங்காலம் பால்கனியில் நின்றுகொண்டு மெட்ராஸுக்குப் பேசுவான்.

“கலியமூர்த்தி அண்ணாச்சி, இந்த வாட்டி சின்னப் பணியாரமே அனுப்புங்க. பெரிசு இங்க ஓடல. ஆமா, உள்ளங்கைக்குள்ள அடங்குதாப்ல... போன தடவ பாதி கெட்டுப் போச்சுன்னு மொதலாளி கத்துதாரு. நல்லா காத்துப் போக வையிங்க.”

அவர்கள் ஊர்ப் பக்கம் பணியாரம் என்றால் குழிப் பணியாரம் மட்டுமல்ல, முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம் எல்லாமே பணியாரம்தான். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு பணியாரம் சுட்டாக வேண்டும். டெல்லியில் எந்த நர்ஸுக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க நேரம் இருக்கிறது? மெட்ராஸிலிருந்து வரவழைத்து விற்றால் பிய்த்துக்கொண்டு போகும். பயல் அதைத்தான் ரகசியமாகச் செய்கிறான், கெட்டுப்போவதால் சொல்ல வெட்கப்படுகிறான் என்று டெல்பின் தானாகவே முடிவு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்ததும் பெண்களிடம் ஆர்டர் வாங்கத் தொடங்கினாள். பிராங்ளினிடம் மூச்சுவிடவில்லை. மொத்த ஆர்டரையும் கையில் கொடுத்து அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. நாலு மணிக்கே வெளிச்சம் மங்கி, மூடுபனி கீழே நின்ற ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. பிராங்ளின் ஒரு ரெக்ஸின் பையோடு வீட்டுக்குள் வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. நேராகப் போய் ரூம் ஹீட்டருக்குப் பக்கத்தில் பையை வைத்தான்.

“என்னல தம்பி அது?”

“மொதலாளி சாமான் மைனி. நாளக் கழிச்சு ஆள் வந்து வாங்கிட்டுப் போயிருவாவ. தொடாதிய.”

“பணியாரமா?”

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். பிறகு, “ஆமா, பணியாரந்தான்” என்றான். “கடையில கொஞ்சம் வேல இருக்கு, போயிட்டு வாரேன்.” தேநீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டான்.

டெல்பின் சிரித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது இட்லி மாவுக் கவலை. டெல்லிக் குளிரில் மாவு புளிப்பது பெரிய பாடு. வீட்டில் ஹீட்டரும் ஒன்று, அதன் பக்கத்தில் இருக்கிற சூடான மூலையும் ஒன்று. அந்த மூலை மூன்று மாதத்துக்கு மாவுப் பானைக்கென்று எழுதி வைத்தது. தவிரவும், எண்ணெய்ப் பலகாரத்தை ஹீட்டர் பக்கத்திலா வைப்பார்கள்? காறிப்போகாதா? அதனால்தானே பாதி கெட்டுப்போகிறது என்கிறான். ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பையைத் தூக்கிக்கொண்டுபோய், குளிர்காலத்தில் எல்லா வீட்டுக்கும் ஃப்ரிட்ஜாக இருக்கிற பால்கனியில், முள்ளங்கிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். மாவுப் பானையை மூலையில் வைத்து ஒரு பழைய ரஜாயால் போர்த்திவிட்டாள். பிராங்ளின் எந்நேரம் திரும்பி வந்தானோ, இருட்டில் ரஜாய் மூடிய குவியலைப் பார்த்து, மைனி பைக்குப் போர்த்திவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டான்.

மறுநாள் காலையில், ஆராதனைக்குப் போகும் வழியில் பிலோமினா வந்தாள். டெல்பினுடைய ஆஸ்பத்திரியிலேயே பிரசவ வார்டில் இருபது வருஷமாக இருப்பவள், நாகர்கோவில்காரி. வாசலிலேயே, “எனக்க பணியாரம் வந்தாச்சாமே!” என்று குரல் கொடுத்தபடி வந்தாள்.

“வந்தாச்சுக்கா. நீங்கதான் மொதப் போணி.” டெல்பின் பையை பால்கனியிலிருந்து எடுத்துவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். நான்காவது படிக்கும் மகள் ஸ்நேகா நாற்காலியில் ஏறி நின்றாள்.

ஜிப்பைத் திறந்ததும் மேலே நியூஸ் பேப்பர். அதன் அடியில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னத் துணிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறார்களே, எவ்வளவு பக்குவம் என்று டெல்பின் வியந்தாள். ஸ்நேகா ஒன்றை எடுத்துக் காதோடு வைத்துப் பார்த்தாள்.

“மம்மி,” என்றாள், கண் விரிந்தது. “பணியாரம் ஹில்தா ஹை!”

“என்னட்டி ஆடுது? கொண்டா இங்க.”

டெல்பின் துணியைப் பிரித்தாள். பழுப்பு டேப் சுற்றிய, கறுப்பில் மஞ்சள் கோடு ஓடிய ஓடு. டேப்புக்கு வெளியே ஒரு கால் நகம், அரிசி முனை அளவுக்கு, ஒருதரம் அசைந்து நின்றது.

“யேசுவே!” பிலோமினா நாற்காலியை விட்டு எழுந்தே போனாள். “ஆமை! ஆமையாக்கும் பிள்ளே! ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்னு சொல்லுவாளே... நீ என்னத்தைக் கொண்டு வச்சிருக்கா?”

டெல்பின் அடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். அது அசையவில்லை. அதற்கடுத்ததும் அசையவில்லை. உள்ளங்கையில் அந்தச் சின்ன ஓடு, குளிர்ந்த பித்தளைக் குமிழைப் போல் ஜில்லென்று இருந்தது. அந்த ஜில்லிப்பு அவளுக்குத் தெரியும். டிசம்பர் ஜனவரியில் டாக்சியில் பிரசவமாகி, ஒற்றைத் துணியில் சுருட்டி எடுத்துவரும் பிள்ளைகள் இப்படித்தான் அவள் கைக்கு வரும். ராத்திரி முழுக்கப் பால்கனியில் வைத்தவள் தானேதான் என்ற எண்ணம் அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. அழுகை வந்தது.

“நான் கொன்னுட்டேன்க்கா. சூடா இருந்த எடத்துலருந்து எடுத்து நாந்தான் வெளிய வச்சேன்.”

“அழுகதுக்கு இதா நேரம்?” பிலோமினாவுக்குள்ளிருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். ஆமை என்று அலறிய ஆள் எங்கே போனாளோ தெரியவில்லை. “அட்டப்பெட்டி இருக்கா? பஞ்சு? டேபிள் லேம்பைக் கொண்டா. பல்பு ரொம்பப் பக்கத்துல வேண்டாம் பிள்ளே, மெதுவாட்டு சூடாக்கணும். சட்டுனு சூடாக்குனா உள்ளதும் போயிரும்.”

“தெரியும்க்கா, தெரியும்.”

இரண்டு பேரும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அட்டைப்பெட்டியில் பஞ்சைப் பரப்பி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு பல்பை இறக்கி, முழங்கையை உள்ளே நீட்டிச் சூடு பார்த்தார்கள். டேப்பைப் பிய்க்கவில்லை. குறைமாதப் பிள்ளையின் தோலில் ஒட்டிய பிளாஸ்திரியை எடுப்பதுபோல் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரித்தார்கள். சில குட்டிகளுக்கு மூக்கில் நுரை நின்றது. டெல்பின் பஞ்சுத் திரியால் ஒற்றி எடுத்தாள். உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாததையெல்லாம் இருக்கிற பக்கமே சேர்த்தாள்.

பால் வாங்கப் போயிருந்த ஜெபராஜ் கதவைத் திறந்துகொண்டு வந்தவர், மேசையைப் பார்த்து அப்படியே நின்றார்.

“இதென்ன, கட்டாமை மாதிரில்லா இருக்கு? நம்ம தேரிக்காட்டுச் செம்மண்ணுல கெடக்குத ஆமைல்லா? இங்க எப்படி?”

“ஒங்க தம்பியக் கேளுங்க,” என்றாள் டெல்பின். “எனக்கு இப்ப சொட்டுக் குளுக்கோஸ் தண்ணி வேணும், டிராப்பர் எங்க?”

“டிராப்பரெல்லாம் வேண்டாம். வெதுவெதுன்னு தண்ணிய ஒரு தட்டுல விரல் தண்டிக்கு ஊத்தி அதுல வையி. மழையில தேங்குன தண்ணியில அப்படித்தான் கெடந்து குடிக்கும்.” சொல்லிவிட்டுப் பால் பாக்கெட்டோடு உட்கார்ந்துவிட்டார். “இது சட்டப்படி வீட்டுல வைக்கப்பிடாத சீவன் டெல்பின். ஆமை வந்தாச்சு. இனி அமீனாதான் பாக்கி. எஞ் சர்க்கார் வேலைக்கு உலை வச்சுட்டான்.”

சத்தம் கேட்டு எழுந்து வந்த பிராங்ளின் முதலில் ஹீட்டர் மூலைக்கு ஓடி ரஜாயை விலக்கினான். உள்ளே மாவு பொங்கிப் பானை விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. பிறகுதான் மேசையைப் பார்த்தான்.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். டெல்பின் அவனைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தவள், ஆமையைப் பஞ்சில் வைத்துவிட்டு, துணியை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு விரித்துப் பார்த்தாள். ஊதா நிறத்தில் வெள்ளைப் பொட்டு வைத்த வாயில் சேலையின் கிழிசல். சமைக்கும்போது குழம்புக் கரண்டி பட்டு அவள் சேலையில் விழுந்த மஞ்சள் கறைகூட அதில் இருந்தது. போன லீவில் ஊருக்குப் போனபோது, நல்லா மெத்துமெத்தென்று இருக்கிறது என்று கேட்டதற்காக மாமியாருக்குக் கொடுத்துவிட்டு வந்த சேலை.

“பிராங்ளின்,” என்றாள். “இது அத்தைக்கு நான் குடுத்த சேலல்லா?”

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

“கலியமூர்த்தி அண்ணாச்சி ஆந்திராப் பக்கம் கெடைக்கலன்னு சொன்னாரு மைனி. மொதலாளி ஒரேயடியா நெருக்குதாரு. நம்ம தேரியில ஐப்பசி மழைக்கு குட்டி நெறைய வரும்லா. அம்மாட்ட சொன்னேன். விறவு பொறுக்கப் போகும்போது சேத்து எடுத்து மெட்ராஸ் பஸ்ஸுல போட்டு விட்டாவ, அண்ணாச்சி டேப்பு சுத்தி இங்க அனுப்பிட்டாரு. அம்மைக்கு ஒண்ணும் தெரியாது. பெரிய பெரிய வீட்டுல தோட்டத்துல விட்டு வளப்பாவன்னு நாந்தான் சொன்னேன்.”

“வளக்காவளா?”

“வாஸ்துக்குன்னு வாங்குதாவ. கண்ணாடித் தொட்டியில தண்ணி ஊத்தி வடக்கப் பாத்து வைப்பாவ. இது கரையில கெடக்குத சீவன் மைனி, தண்ணியில எத்தன நாளைக்குத் தாங்கும்? செத்ததும் மறுபடி வந்து கேப்பாவ.” அவன் குரல் உடைந்தது. “மொதல்ல எனக்குத் தெரியாது. பெறவு தெரிஞ்சுது. தெரிஞ்ச பெறவும் போன் பேசிட்டுத்தான் இருந்தேன். நேத்து மார்க்கெட்டுல செக்கிங் வந்துட்டாவ. மொதலாளி கடைய அடைச்சுட்டு, வீட்டுல கொண்டு வையின்னு பைய எங் கையில குடுத்துட்டாரு.”

“சரி,” ஜெபராஜ் எழுந்தார். “ஜல்தி ஒரு முடிவு எடுக்கணும். பக்கத்துப் பார்க்குல கொண்டுபோயி புதருக்குள்ள விட்டுட்டு வந்துருவோம். யாருக்கும் தெரியாது.”

“இந்தக் குளிர்லயா?” டெல்பினுக்குக் கோபம் பொங்கியது. “பால்கனியில வச்சதுக்கும் அதுக்கும் என்னங்க வித்தியாசம்? நேத்து தெரியாம வச்சேன். இன்னிக்குத் தெரிஞ்சே வைக்கச் சொல்லுதியளா?”

“பின்ன என்ன செய்யணும்? இவனைக் கொண்டுபோயி போலீசுல நிறுத்தணுமா? எங்கம்மை பேரு வெளிய வந்தா வயசான காலத்துல கோர்ட்டுக்கு அலையணுமா? நீதான ஒம் பொறுப்புன்னு சொல்லி இவனக் கூட்டிட்டு வந்தா?”

வாக்குக் கொடுத்தது வாஸ்தவம். டெல்பின் பெட்டிக்குள் கையை நீட்டிச் சூடு பார்த்தாள். பிலோமினா ஒருவரையும் பார்க்காமல், தட்டில் வெந்நீரை விளாவிக்கொண்டிருந்தாள். ஆராதனைக்கு மணி ஆகி, முடிந்தும் போயிருந்தது.

மதியத்துக்கு மேல் பெட்டிக்குள் ஒரு சலசலப்பு. நீரில் வைத்த குட்டி ஒன்று கழுத்தை நீட்டி, கண்ணைத் திறந்து, தட்டின் விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தது. வழுக்கி விழுந்தது. மறுபடி ஏறியது. ஸ்நேகா கை தட்டினாள். பிராங்ளின் மண்டிபோட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இத்தன நாளு கடையில,” என்றான், “ஒண்ணுகூட நடந்து நான் பாத்ததில்ல மைனி. எல்லாம் சுருண்டேதான் கெடக்கும். இதுக்குக் குணமே அப்படித்தான்னு நெனச்சுட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: “நாளைக்கு வனவிலங்கு ஆபீசுக்குப் போறேன். தனியாப் போவ பயமா இருக்கு. நீங்க கூட வாரியளா மைனி?”

ஜெபராஜ் உள்ளே போய்த் தன்னுடைய கம்பளிச் சட்டையை எடுத்துவந்து, அட்டைப்பெட்டியைச் சுற்றிக் கட்டுவதற்கு அளவு பார்த்தார்.

திங்கட்கிழமை டெல்பின் லீவு போட்டாள். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அடியில் ஒரு ரப்பர் வெந்நீர்ப் பையை வைத்து மூடியபடி அவளும் பிராங்ளினும் போனார்கள். உயிரோடு இருந்தவை பெட்டியில். இல்லாதவையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கூடவே வந்தன. எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று பிராங்ளின்தான் சொன்னான்.

அங்கே இருந்த அதிகாரி வாசுதேவன் பாலக்காட்டுக்காரர், மோதி பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். தமிழ்க் குரல் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். மிருக டாக்டரும் அவர்தான். முதலில் குட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் மனிதர்களிடம் பேசினார்.

“யாரு இதை வார்ம் பண்ணினது?”

“நாந்தான் சார். குளிர்ல வச்சதும் நாந்தான்.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. பிராங்ளின் பக்கம் திரும்பி கடை, முதலாளி, மெட்ராஸ் ஆள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன் முன்னால் இருந்த தாளில் எழுதினார். பிராங்ளின் மறைக்காமல் சொன்னான். “தானா வந்து சொன்னதை நான் எழுதறேன். கேஸ் உண்டு, அதை என்னால தடுக்க முடியாது. ஆனா கோர்ட்டு இதையும் பாக்கும்,” என்றார் வாசுதேவன். பிறகு கேட்டார். “இதெல்லாம் எந்த ஊர்ல பிடிச்சது?”

பிராங்ளின் குனிந்துகொண்டான். “தெரியாது சார். மெட்ராஸ்லருந்து வந்துது.”

வாசுதேவன் பேனாவைக் கீழே வைத்தார். “தெரியாட்டா இங்கேயேதான் இருக்கும். கூண்டுல, ஹீட்டர் பக்கத்துல, இருக்கற வரைக்கும். எங்கேருந்து வந்ததுன்னு தெரியாம கண்ட காட்டுல கொண்டுபோய் விட முடியாது பாருங்கோ. அங்க இருக்கறதுக்கு இதனால நோய் வரும். ஊர் தெரிஞ்சா, உடம்பு தேறினதும் அங்கேயே திருப்பி விடலாம். அனேகமா யாரும் சொல்றதில்லை. என் கையில வந்த ஆமைல ஒண்ணுகூட இதுவரை வீட்டுக்குப் போனதில்லை.”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரலில் சொன்னார். அதுதான் டெல்பினை உலுக்கியது. “கொஞ்சம் இருங்க சார்,” என்று எழுந்து வெளியே வந்தாள். எதிர்ப்பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத். ஊரில் பக்கத்து வீட்டு வடிவேல் கடைக்கு போன் போட்டு, மாமியாரைக் கூப்பிடச் சொன்னாள்.

தங்கபுஷ்பம் மூச்சிரைக்க வந்து ரிசீவரை வாங்கினாள். “ஏட்டி டெல்பின், எல்லாரும் சொகந்தான? வேல நேரத்துல என்ன போனு?”

“அத்த, கட்டாமக் குட்டி எல்லாம் இங்க வந்துது.”

தங்கபுஷ்பத்தின் குரல் இறங்கியது. “ஒனக்கும் சொல்லிட்டானா? சொல்லப்பிடாதுன்னான். நல்லா வந்து சேந்துதா? டெல்லியில குளிரு கொல்லுதுன்னு நீ சொல்லுவியே. அதான் ஒஞ் சேலையக் கிழிச்சு ஒண்ணொண்ணாச் சுத்தி விட்டேன். பச்சப் புள்ள மாதிரில்லா இருந்துது.”

டெல்பின் பூத்துக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை.

“பாதி செத்துப் போச்சு அத்த. பணியாரம்னு நெனச்சு நான் ராத்திரி வெளிய வச்சுட்டேன். வைக்காட்டாலும் இங்க வாங்குதவங்க வீட்டுல சாவத்தான் செய்யும். தண்ணித் தொட்டியில போட்டு வைப்பாவளாம். யாரும் தோட்டத்துல வளக்கல.”

“என்னட்டி சொல்லுதா?” குரல் எகிறியது. “பாலும் பழமும் குடுத்து வளக்காவன்னுல்லா சொன்னான்! எனக்கு எப்படித் தெரியும்? நானா கொல்லச் சொன்னேன்? தேரியில சும்மா கெடந்த சீவன், புள்ளைக்கு ஒரு வழி பொறக்கட்டும்னு எடுத்துக் குடுத்தேன். இப்ப என்னையக் கொலகாரியாக்குதியளா?”

“ஒங்களச் சொல்லல அத்த. கொன்னது நானுந்தான.”

இரண்டு பக்கமும் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. பூத்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். டெல்பின் மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். ஆபீசு, கேஸு, பிராங்ளின் உள்ளே உட்கார்ந்திருப்பது, ஊர் பெயரைச் சொன்னால் குட்டிகள் திரும்பி வரலாம் என்பது, சொன்னால் பிடித்தது யார் என்ற கேள்வியும் வரும் என்பது.

“நான் ஒங்களக் கேக்காம சொல்ல மாட்டேன் அத்த. வேண்டாம்னா வேண்டாம்.”

அந்தப் பக்கம் கடையில் யாரோ பீடி கேட்டார்கள், யாரோ சில்லறையைக் குலுக்கினார்கள்.

“போலீசு வருமாட்டி?”

“வந்தாலும் வரும் அத்த. தெரியல.”

“எம் புருசன் செத்தன்னிக்கும் இந்த வாசல்ல போலீசு மிதிச்சதில்ல. அது கெடக்கட்டும், உசுரோட இருக்கது எந்திரிச்சு நடக்கா?”

“நடக்கு. தட்டுல ஏறி ஏறி விழுது.”

“பாவப்பட்ட மூதி.” செருமிக்கொண்டாள். “அவனச் சொல்லச் சொல்லு. ஊரு பேரையும் சொல்லட்டும், எம் பேரையும் சொல்லட்டும். வந்தாவன்னா எந்த ஒடமரத்து அடிமூட்டுல எடுத்தேன்னு நானே கூட்டிட்டுப் போயிக் காட்டுதேன். இன்னா, எம் மவன் அங்க சாப்பிட்டானா?”

“சாப்பிட்டான் அத்த,” என்றாள். அது பொய்தான். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை.

டெல்பின் உள்ளே வந்தபோது பிராங்ளின் அதே இடத்தில், கைகளைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவன் பக்கத்தில் குனிந்து, அம்மா சொன்னதைச் சொன்னாள். அவன் அண்ணியின் முகத்தையே பார்த்தான். நிஜமாகவா என்று கேட்டது அந்தப் பார்வை. அவள் தலையாட்டினாள்.

அவன் வாசுதேவன் பக்கம் திரும்பி ஊரின் பெயரைச் சொன்னான். தேரிக்காட்டுக்குப் போகும் பாதையைச் சொன்னான். வாசுதேவன் நம்ப முடியாமல் ஒருமுறை திருப்பிக் கேட்டுக்கொண்டு எழுதினார்.

“பிடிச்சது யாரு?”

“தங்கபுஷ்பம்.”

“யாரது? உனக்குத் தெரிஞ்சவாளா?”

டெல்பின் பிராங்ளின் தோளில் கை வைத்தாள்.

“எங்கம்ம சார். நான் கேட்டேன்னுதான் எடுத்தாவ. மொத எம் பேர எழுதுங்க, அதுக்குக் கீழ அவங்க பேர எழுதுங்க.”

வாசுதேவன் எழுதியதை அடித்துவிட்டு, அவன் சொன்ன வரிசையில் மறுபடி எழுதினார்.